பன்றிக் கொட்டகையில் ஏழாவது ஓட்டு

கெல்னர்வில் பள்ளி வாரியத்தின் சிறப்புக் கூட்டம் பன்றிக் கொட்டகையில் நடந்தது. பள்ளிக்கூடத்தில் நடத்த வழியில்லாமல் போனதால் அங்கே போக வேண்டியதாயிற்று. பள்ளிக் கட்டடத்துக்குள் நுழைகிற எவரும் மாஸ்க் போட வேண்டும் என்பது மாநில ஆணை. அந்த ஆணையை ஏற்பதா, தூக்கிப்போடுவதா என்று முடிவுசெய்யத்தான் கூட்டமே. தூக்கிப்போடு என்று சொல்ல வந்தவர்கள், அதைச் சொல்ல மாஸ்க் போட்டுக்கொண்டு உள்ளே வர மாட்டோம் என்றார்கள். அவர்கள் பக்கத்தில் இருந்து பார்த்தால் நியாயம்தான்.

செவ்வாய்க்கிழமை பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்து வாசலில் நூற்றிருபது பேர் வெறும் முகத்தோடு நின்றார்கள். உள்ளே வாரியத் தலைவி மார்லிஸ் டீட்மன் மாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார். மக்கள் உள்ளே வராவிட்டால் கூட்டம் செல்லாது. அப்படியே வந்தால் சட்டத்தை மீறியதாகும். மார்லிஸக்கா முப்பது வருஷம் வங்கியில் காசாளராக இருந்தவர். வரிசை நகராமல் நிற்பதைப் பார்த்தால் அவருக்குத் தாங்காது.

"யாராவது ஒரு வழி சொல்லுங்கப்பா" என்றார்.

வாரிய உறுப்பினர் ஏழு பேர். அதில் என் சித்தப்பா வெர்லின் ப்ரன்ஸ் அதிகம் பேசாதவர். அன்று அவர்தான் பேசினார்.

"கண்காட்சித் திடல்ல பன்னிக் கொட்டகை இருக்கு. அது பள்ளிக்கூடக் கட்டடம் இல்ல. சனிக்கிழமை காலைல வச்சுக்கலாம்."

ஏழு பேரும் கை தூக்கினார்கள். அந்த வருஷத்தில் ஏழு கையும் சேர்ந்து உயர்ந்தது அந்த ஒரு முறைதான்.

எனக்கு இதெல்லாம் தெரியக் காரணம், வாரியக் கூட்டங்களை நேரலையில் காட்டுகிற கேமரா என் பொறுப்பு. பொதுமக்கள் பேசும்போது ஆளுக்கு மூன்று நிமிடம் என்று கடிகாரம் பார்ப்பதும் நான்தான். நாற்பது மைல் தள்ளியிருக்கும் கல்லூரியில் சமூகவியல் படிக்கிறேன். ஊரில் அதை யாரும் என் முகத்துக்கு நேரே குறை சொன்னதில்லை.

சனிக்கிழமைக்கு ஒரு கெடு இருந்தது. அன்று மாலை ஐந்து மணிக்குள் ஆணையை ஏற்கிறோமா என்று தலைநகருக்குப் பதில் போக வேண்டும். ஏற்கவில்லை என்றால் பள்ளியின் அங்கீகாரம் நிறுத்திவைக்கப்படும். அங்கீகாரம் இல்லாத பள்ளியின் அணிகள் மாநிலப் போட்டிகளில் ஆட முடியாது. எங்கள் பெண்கள் வாலிபால் அணி இருபத்தொரு ஆட்டத்தில் பத்தொன்பது ஜெயித்திருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை ப்ரையர் ஹில் ஊரில் வட்டாரப் போட்டி. எங்கள் பள்ளி அந்தப் படிவரை போனது அதுதான் முதல் தடவை. அணியின் தலைவி என் சித்தப்பா மகள் மெக்கென்னா. பள்ளியில் அவளுக்குக் கடைசி வருஷம்.

கென்னா வாலிபாலுக்கு வந்ததே பன்றியால்தான். அவளுக்கு ஒன்பது வயசில் ஒரு பன்றிக்குட்டி இருந்தது, கண்காட்சிக்கு வளர்த்தாள். அந்த வருஷம் சித்தப்பாவுக்கு ஐயாயிரம் தாய்ப்பன்றிகள் இருக்கிற பெரிய பண்ணையில் மேற்பார்வை வேலை கிடைத்தது. அங்கே விதி கடுமை. உள்ளே போகும்போது ஒரு குளியல், வெளியே வரும்போது ஒரு குளியல். உள்ளாடைவரை கம்பெனி உடுப்பு. வேலை பார்ப்பவர் வீட்டில் பன்றி இருக்கக் கூடாது. வேறு பன்றி இருக்கிற இடத்தில் கால் வைத்தால் மூன்று நாளைக்குப் பண்ணைப் பக்கமே வரக் கூடாது. ஒரு நோய் நுழைந்தால் அத்தனையும் போய்விடும் என்பதால் எங்கள் மாவட்டத்தில் இதை யாரும் கேள்வி கேட்பதில்லை. பன்றிக்குட்டி போனது. அழுகையை நிறுத்துவதற்காக சித்தி ஒரு பந்து வாங்கிக் கொடுத்தாள்.

சித்தப்பா ஏப்ரலில்தான் தேர்தலில் ஜெயித்தார். வீட்டு முன்புறப் புல்வெளியில் அப்போது நட்ட பலகை இன்னும் நின்றது: "பிள்ளை நமது. முடிவும் நமதே." மாஸ்க் வேண்டாம் என்று சொன்னவர்கள் அதைப் படித்துத்தான் அவருக்கு ஓட்டுப் போட்டார்கள். வாரியத்தில் மூன்று பேர் ஆணைக்கு ஆதரவு, மூன்று பேர் எதிர்ப்பு. ஏழாவது ஓட்டு எந்தப் பக்கம் என்று ஊரில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. கென்னாவுக்கு மட்டும் இருந்தது.

சனிக்கிழமை காலை சித்தப்பாவின் பிக்கப் வண்டியில் மூன்று பேரும் ஒட்டிக்கொண்டு போனோம். நடுவில் கென்னா. அவள் மடியில் ஒரு சின்னக் காகிதம்.

"அப்பா, என்ன ஓட்டு போடப் போறீங்க?"

"மீட்டிங்ல பாரேன்."

"பலகைல இருக்கறதுதானா?"

"பலகை என்னோடதுதான்."

"டீமும் உங்க மகளோடதுதான்."

எதிரே ஒரு வண்டி வந்தது. சித்தப்பா ஸ்டீயரிங்கில் இருந்த கையிலிருந்து ஒரு விரலைத் தூக்கினார். எதிரே வந்தவரும் ஒரு விரல் தூக்கினார். எங்கள் ஊர்ச் சாலையில் வணக்கம் என்பது அவ்வளவுதான்.

"டேய் அண்ணா, நீயாவது சொல்லேன்" என்றாள் கென்னா.

"நான் கேமரா" என்றேன்.

"பெரிய உதவி."

கொட்டகை வாசலில் ஆர்லோ கெட்னர் நின்றிருந்தார். மாவட்டக் கண்காட்சியின் பன்றிப் பிரிவுக்கு இருபது வருஷமாக அவர்தான் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை இலையுதிர்காலக் கண்காட்சி என்பதால் வெள்ளிக்கிழமையே எழுபது பன்றிகள் வந்து இறங்கியிருந்தன. கொட்டகையின் ஒரு பாதியில் பன்றிகள், மறு பாதியில் வாரியம். வாசலுக்குக் குறுக்கே சுண்ணாம்பால் ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் கிருமிநாசினித் தொட்டி, நீலப் பிளாஸ்டிக் காலுறை ஒரு பெட்டி, ஒரு நோட்டு.

"பூட்ஸ முக்கு. காலுறை போடு. பேரெழுது. கடைசியா பன்னி பக்கம் எப்பப் போனேன்னு எழுது" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார்.

நூற்று நாற்பது பேர் வரிசையாக வந்தார்கள். ஷாரி லுபென் என்பவர் போட்டிருந்த சட்டையில் "என் உடம்பு, சொல்ல நீ யார்" என்று அச்சடித்திருந்தது. குனிந்து இரண்டு காலையும் முக்கி, நீலக் காலுறை போட்டு, இழுத்துக் கட்டினார். அவர் புருஷன் டேல் சொந்தமாகப் பன்றிப் பண்ணை வைத்திருப்பவர். "அடங்க மாட்டோம்" என்று எழுதிய தொப்பி. ஆர்லோ அவர் காலைப் பார்த்துவிட்டு, "இடது கால் சரியா முங்கல" என்றார். டேல் மறுபடியும் முக்கினார்; மன்னிப்பும் கேட்டார்.

இதையெல்லாம் கேமராவில் பதிவு செய்தேன். வேறு எதுவும் செய்யவில்லை.

சித்தப்பா கோட்டுக்கு ஆறு அடி முன்பே நின்றுவிட்டார்.

"எங்க வர்ற வெர்லின்?" என்றார் ஆர்லோ.

"மீட்டிங்குக்கு."

"உள்ள எழுபது பன்னி நிக்குது."

"சத்தம் கேக்குது அண்ணே."

"உள்ள வந்தா மூணு நாளைக்கு உனக்கு வேலை இல்ல."

"நாளைக்கு முப்பது பன்னி குட்டி போடுற நேரம். லீவு கிடையாது." சித்தப்பா தொப்பியைச் சரிசெய்தார். "நான் இங்கயே நிக்கிறேன். காது கேக்கும்."

கென்னா கோட்டுக்கு அந்தப் பக்கம், காலில் நீலப் பிளாஸ்டிக்கோடு, திரும்பிப் பார்த்தாள். பண்ணைக்குள் போகிறவர் அப்பா ஒருவர்தான். அவள் வீட்டுக்குப் போய்க் குளித்தால் போதும் என்று கம்பெனி விதியில் இருக்கிறது. உள்ளே போய்ப் பேசுகிறவர்களின் பெயர்ப் பட்டியலில் கையெழுத்துப் போட்டாள்.

பன்றி ஏலம் விடுகிற மேடையில்தான் வாரியத்தார் உட்கார்ந்தார்கள். அவர்களில் ஆணையை எதிர்ப்பவர்களுக்குத் தலைவர் டெரில் ஹூக்ஸ்ட்ரா. தொழிலே ஏலம் போடுவது. அந்த மேடையில் அவர் வழக்கத்தைவிடச் சௌகரியமாக இருந்தார். கடிகாரத்தை நான் கொண்டு வரவில்லை என்பதால் ஏல மணியை எடுத்துக்கொண்டேன். செல்போனில் மூன்று நிமிடம் பார்த்து மணி அடிப்பது.

நாற்பத்தொரு பேர் பேசினார்கள். அரசியல் சாசனத்தை மூன்று பேர் வாசித்தார்கள். அதில் இரண்டு பேர் ஒரே பத்தியை. ஒருவர் மாஸ்க்கால் ரத்தத்தில் காற்று குறைகிறது என்றார். அவர் கோடைக் காலம் முழுக்கக் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும்போது மாஸ்க் போட்டிருப்பவர். ஒரு மருத்துவமனை நர்ஸ் பேசினார். எத்தனை படுக்கை என்று எண்ணிக்கை சொல்லத் தொடங்கினார். அந்த நேரம் பன்றிகளுக்குத் தீனி போட்டார்கள். எண்ணிக்கை யாருக்கும் கேட்கவில்லை. நேரத்தைத் திருப்பித் தர விதியில் இடமில்லை. மணி அடித்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் தகுதியான ஆள்தான்.

முப்பத்தெட்டாவதாகக் கென்னா.

"நான் மெக்கென்னா ப்ரன்ஸ். வாலிபால் டீம். ஆறு வாரமா மாஸ்க் போட்டுத்தான் பிராக்டீஸ் பண்றோம். ரெண்டு மேட்ச் தோத்தோம். ஒண்ணு, எங்க சர்வீஸ் மோசம். இன்னொண்ணு, அவங்க நல்லா ஆடினாங்க. செவ்வாய்க்கிழமை ப்ரையர் ஹில்ல எங்களுக்கு மேட்ச் இருக்கு. நீங்க இன்னைக்கு வேண்டாம்னு ஓட்டுப் போட்டா நாங்க வரலன்னு அவங்களுக்கு யாராவது போன் பண்ணணும். கோச் பண்ண வேண்டாம். அவரு பாவம். உங்கள்ல ஒருத்தர் பண்ணுங்க. நம்பர் இதுல இருக்கு."

மடித்த காகிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கினாள். நாற்பது வினாடிதான் ஆகியிருந்தது. மீதி இரண்டு நிமிடம் இருபது வினாடியை அவள் எடுத்துக்கொள்ளவில்லை. காகிதம் டெரிலுக்கும் மார்லிஸக்காவுக்கும் நடுவில் கிடந்தது. இரண்டு பேரும் தங்கள் தண்ணீர்ப் பாட்டில்களைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்கள்.

பிறகு தீர்மானம். டெரில் முன்மொழிந்தார்: மாநில முகக்கவச ஆணையைக் கெல்னர்வில் பள்ளி வாரியம் ஏற்பதில்லை. செயலாளர் பெயர் கூப்பிட்டார். மூன்று ஆம். மூன்று இல்லை.

"வெர்லின் ப்ரன்ஸ்."

"இருக்கேன்" என்றது வெளியிலிருந்து குரல்.

மார்லிஸக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருக்காரா இல்லையாங்கறதுதான் இப்பக் கேள்வி."

"அதோ நிக்கறார்ல அக்கா" என்றார் டெரில்.

"கூட்டம் கொட்டகைக்குள்ள. அவர் கொட்டகைக்கு வெளிய."

"அப்ப ஒரு அடி உள்ள வை வெர்லின். ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ. ஒரு நிமிஷ வேலை."

சித்தப்பா நகரும் முன்பே கூட்டத்திலிருந்து டேல் லுபென் எழுந்துவிட்டார்.

"அவரக் கூப்பிடாத டெரில்."

"நம்ம ஓட்டுய்யா அது."

"ஓட்டு கெடக்கட்டும். அஞ்சாயிரம் பன்னி இருக்கு அங்க. எம்பண்ண அதுக்கு ரெண்டு மைல்ல இருக்கு. இங்கேருந்து எதையாவது கொண்டுபோய்ச் சேத்தா நாங்கள்லாம் என்ன ஆகறது?"

"அவருக்கு ஒண்ணும் வராதுப்பா, ஆளு இரும்பு."

"அவருக்கு வராது. அவரால மத்ததுக்கு வரும்ல? அவரு ஒருத்தர் சௌகரியமா முக்கியம்?"

டேல் தான் சொன்னதில் எதையோ மிதித்துவிட்டதுபோல ஒரு கணம் கீழே பார்த்தார். காலில் நீலக் காலுறை சரியாகத்தான் இருந்தது. பின் வரிசையில் நான்கைந்து பேர், "சரியாத்தான சொல்றாரு" என்றார்கள். அதற்குமேல் அந்த வழியில் யாரும் யோசிக்கவில்லை. டேல் உட்கார்ந்தார்.

டெரில் செல்போனை எடுத்தார். "போன்ல ஓட்டுப் போடட்டும்."

செயலாளர் கோப்பைப் புரட்டினார். மே மாதம் ஒரு தீர்மானம். இனிமேல் உறுப்பினர்கள் நேரில் வந்துதான் ஓட்டுப் போட வேண்டும். போனிலும் கணினியிலும் ஓட்டுப் போடுவது கோழைத்தனம். முன்மொழிந்தவர் டெரில் ஹூக்ஸ்ட்ரா. 'கோழைத்தனம்' என்ற சொல்லைத் தீர்மானத்தில் சேர்க்க வேண்டும் என்று அடம்பிடித்தவரும் அவர்தான்.

"அப்ப மேஜைய வெளிய தூக்கு. நாலு பேர் வாங்கப்பா."

"அறிவிப்புல கொட்டகைன்னு போட்டிருக்கு" என்றார் மார்லிஸக்கா. "இடத்த மாத்தினா நாப்பத்தெட்டு மணி நேரம் முன்னாடி மறுபடி ஒட்டணும். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள பதில் போயாகணும்."

டெரில் போனை மேஜைமேல் வைத்தார். கென்னாவின் காகிதத்துக்குப் பக்கத்தில். அப்போதுதான் அவருக்கு ஏதோ தோன்றியிருக்க வேண்டும். ஏலத்தில் யாராவது சும்மா தலையைச் சொறிகிறாரா, விலை கேட்கிறாரா என்று கண்டுபிடிப்பதுதானே அவர் பிழைப்பு. வாசலை உற்றுப் பார்த்தார்.

"இந்தக் கொட்டகைய யாரு சொன்னது?"

செயலாளர் இன்னொரு பக்கம் புரட்டினார். "வெர்லின் ப்ரன்ஸ்."

நூற்று நாற்பது தலைகளும் வாசலுக்குத் திரும்பின. கேமராவையும் திருப்பினேன். சித்தப்பாவின் தலைக்குப் பின்னால் வெயில். முகம் சரியாகத் தெரியவில்லை. தொப்பியைக் கழற்றியிருந்தது தெரிந்தது.

"நாந்தான் சொன்னேன்" என்றார்.

"பன்னி வருதுன்னு மறந்துட்ட. அப்படித்தானே?" டெரிலின் குரலில் கோபம் இல்லை. ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருப்பவர் மாதிரிக் கேட்டார். "எல்லாருக்கும் மறதி உண்டு. மறந்துட்டேன்னு சொல்லிரு வெர்லின். போகட்டும்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஊர் அவரை முட்டாள் என்று சொல்லிவிட்டு ஒரு மாதத்தில் மன்னித்திருக்கும். கெல்னர்வில்லில் முட்டாள்தனத்துக்கு நல்ல மரியாதை உண்டு.

சித்தப்பா கொஞ்ச நேரம் தொப்பியின் உட்புறத்தைப் பார்த்தார்.

"பன்னி எங்க இருக்குன்னு நான் மறக்கறதில்ல டெரில்."

மார்லிஸக்கா சுத்தியலைத் தட்டினார். மூன்றுக்கு மூன்று. சமமானால் தீர்மானம் தோற்றது. ஆணை அப்படியே நிற்கிறது. கூட்டம் முடிந்தது. எல்லோரும் வரிசையாக வந்து, நீலக் காலுறையைக் கழற்றி ஆர்லோவின் பீப்பாயில் போட்டு, மறுபடியும் பூட்ஸை முக்கி வெளியேறினார்கள். சித்தப்பாவைத் தாண்டிப் போனார்கள். ஷாரி லுபென் மட்டும் நின்றார்.

"உனக்காக நாப்பது வீட்டுக் கதவத் தட்டினேன் வெர்லின்."

"தெரியும் ஷாரி."

"நேர்ல சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கணும்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். கேமராவின் பேட்டரி அதற்கு முன்பே தீர்ந்துவிட்டது. தீராமல் இருந்திருந்தால் நானே அணைத்திருப்பேனா என்று தெரியவில்லை.

கென்னாவும் நானும் வீட்டுக்குப் போய்க் குளித்து உடுப்பு மாற்றும்வரை சித்தப்பாவின் பிக்கப்பில் ஏற முடியாது. டீமில் இருந்த ஒரு பெண்ணின் காரில் போனோம். குளித்துவிட்டு வெளியே வந்தபோது சித்தப்பா முன்புறப் புல்வெளியில் இருந்தார். பலகையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். ஏப்ரலில் நட்டது, புல் நன்றாகப் பிடித்திருந்தது. கென்னா போய் மறுபக்கம் பிடித்தாள்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லப்பா. நாலு நாள் தூங்கல நான்."

"உங்கிட்டச் சொல்லியிருந்தா நீ பேசப் போயிருக்க மாட்ட."

"பேசினதால என்ன ஆச்சு? உங்க ஓட்டுதான் இல்லாமப் போச்சே."

"எனக்குக் கேட்டுச்சு" என்றார். பலகை மண்ணோடு வந்தது. "அந்த நம்பரு டெரில்கிட்டயே இருக்கட்டும். திருப்பிக் கேக்காத."

இரண்டு வாரம் கழித்து வாரியப் பதவியிலிருந்து விலகினார். கடிதத்தில் ஒரே வரி: என்னை எதற்குத் தேர்ந்தெடுத்தார்களோ அதை நான் செய்யவில்லை. செயலாளர் அதைப் படித்தபோது டெரில் உட்பட யாரும் நிமிரவில்லை. நான் நேரம் பார்த்தேன். படித்து முடிக்க நான்கு வினாடி.

வாலிபால் அணி செவ்வாய்க்கிழமை ஜெயித்தது. வியாழக்கிழமை தோற்றது. மாஸ்க்கால் தோற்றோம் என்று ஊரில் பாதிப் பேர் சொன்னார்கள். அவங்க நல்லா ஆடினாங்க என்றாள் கென்னா.

அந்தச் செவ்வாய்க்கிழமை மேட்ச்சுக்குப் போனபோது பிக்கப்பில் சித்தப்பாவும் நானும்தான். கென்னா அணியோடு பஸ்ஸில் முன்னால் போய்விட்டாள். ப்ரையர் ஹில் இருபத்தாறு மைல். இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த சோளக்காடு, நேர்ச் சாலை, ஒரு மைலுக்கு முன்பே எதிரே வருவது யார் வண்டி என்று தெரிந்துவிடும். ஏழு வண்டிகள் வந்தன. ஏழும் தெரிந்தவர்களுடையது; மூன்றாவது டேல் லுபெனுடையது. ஒருவரும் விரலைத் தூக்கவில்லை.

சித்தப்பா ஏழு தடவையும் தூக்கினார்.